9,000 ரூபாய் இகுவானாவா, 38,000 ரூபாய் பியர்டட் டிராகனா?

கேள்வி: எனக்கு வயது 43. சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. நான், மனைவி, 12 வயது மகன், 71 வயது அம்மா. கையில் வரும் சம்பளம் 82,000 ரூபாய். வாடகை, கார் இஎம்ஐ, பள்ளிக் கட்டணம், 5,000 ரூபாய் எஸ்ஐபி எல்லாம் போக மாதம் 7,000 ரூபாய் மிஞ்சுகிறது. கிரெடிட் கார்டில் 45,000 ரூபாய் பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டி வருகிறேன். தீபாவளிக்கு 70,000 ரூபாய் போனஸ் வரும். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 460 யூனிட் ஆகிறது. மகன் ஒரு வருடமாக ஊர்வன ஏதாவது வளர்க்கவேண்டும் என்று கேட்கிறான். கடையில் இகுவானா குட்டி 9,000 ரூபாய், பியர்டட் டிராகன் 38,000 ரூபாய், அதற்கு 12 மாத இஎம்ஐ வசதியும் உண்டு என்கிறார்கள். இகுவானாதான் கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவோ "வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அம்மாவின் பழமொழியில் விலங்கியலும் சரியாகத்தான் இருக்கிறது. பியர்டட் டிராகன் நம் ஊர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்களில் வாழும் இனம். மிரண்டாலோ கோபம் வந்தாலோ தாடைக்கு அடியில் உப்பிக் கறுத்துக்கொள்ளும், அதுதான் தாடி. ஆக, வேலியில் போகிற ஓணானின் பங்காளிக்கு 38,000 ரூபாய் கொடுக்கலாமா என்பது கேள்வி. கொடுக்கலாம், ஆனால் இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். 9,000 ரூபாய் இகுவானாதான் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இகுவானா விஷயத்தில் சுமைகூலி அதைவிட மோசம். கடையில் உள்ளங்கையில் உட்காரும் அந்தப் பச்சைக் குட்டி, சரியாக வளர்த்தால் வாலோடு சேர்த்து ஐந்து, ஆறு அடி நீளத்துக்குப் போகும். மரத்தில் வாழும் பிராணி என்பதால் அதற்கு உயரம் வேண்டும். குட்டிக்கு வாங்கும் தொட்டி ஒரு வருடம் தாங்கினால் அதிகம். அதன்பிறகு ஆறடி உயரம், ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு கூண்டு செய்யவேண்டும். அதைக் கூண்டு என்பதைவிட பீரோ என்றே சொல்லலாம், கோத்ரெஜ் பீரோ இரண்டை ஒட்டி நிறுத்தினால் அடைக்கும் இடம். உங்கள் வீட்டில் அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

என் மைத்துனர் இந்தத் தவறைச் செய்தார். அவரும் விலை குறைவு என்றுதான் இகுவானா வாங்கினார். மூன்றாவது வருடம் அவர் வீட்டுக்குப் போனபோது, படுக்கையறை ஜன்னல் கம்பியில் அது நீளமாகப் படுத்திருந்தது, அந்த அறையில் இப்போது யாரும் தூங்குவதில்லை என்றார்கள். டீ தம்ளரோடு நான் கொஞ்சம் கிட்டே போய்விட்டேன். சாட்டையடி மாதிரி ஒரு சத்தம், தம்ளர் கட்டிலுக்கு அடியில், டீ என் சட்டையில். கடித்ததென்று நினைத்துவிட்டேன். வால்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இகுவானாவுக்கு இப்படி முறுக்கேறும், அதற்கு முன்பு மடியில் உட்கார்ந்து செம்பருத்திப் பூ தின்ற அதே பிராணிதான். அவர் வீடு மாற்றியபோது அந்த ஒரு விஷயத்தால் மூன்று வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் கூடுதலாக ஒரு அறை உள்ள வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் அதிகம் கொடுத்துப் போனார். எந்தக் கடைக்காரரும் இந்தச் செலவைப் பில்லில் போடுவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லாம் தோராயம், விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்கவில்லை.

முதலில் மின்சாரம், ஏனென்றால் இதை யாருமே போட்டுப் பார்ப்பதில்லை. பியர்டட் டிராகன் வெயில் காய 75 வாட் ஹீட் பல்பு ஒன்று, வெயிலில் இருக்கும் யுவி-பி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் 24 வாட் டியூப் ஒன்று, நாளுக்கு 12 மணி நேரம் எரியும். நாளுக்கு ஏறக்குறைய 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 71 யூனிட். இகுவானாவின் பெரிய கூண்டுக்கு 100 வாட் பல்பு இரண்டு, நீளமான டியூப், ஈரப்பதத்துக்கு ஒரு கருவி என்று வைத்தால் நாளுக்கு 3.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 205 யூனிட். நீங்கள் இப்போதே 460-இல் இருக்கிறீர்கள். எதை வாங்கினாலும் 500-ஐத் தாண்டுவீர்கள். இப்போதைய அடுக்குமுறையில் 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஆவதோடு, அதுவரை கீழே கிடைத்துவந்த ஒரு மலிவு அடுக்கும் கைநழுவிப்போகும். என் கணக்கில் பியர்டட் டிராகனால் மாதம் 400 ரூபாய் கூடும், இகுவானாவால் 1,000 ரூபாய் கூடும். கூண்டை ஏசி அறையில் வைத்தீர்கள் என்றால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஒரு மூலையில் பல்பு சூடேற்ற, எதிர் மூலையில் ஏசி குளிரூட்ட, இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

யுவி-பி டியூப் பற்றி ஒரு வார்த்தை. அது வருடக்கணக்கில் எரியும், ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அதன் யுவி-பி வலு குறைந்துவிடும். கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். எரிகிறதே என்று மாற்றாமல் விட்டால் எலும்பு மென்மையாகித் தாடை வீங்கும், கால் வளையும். வீட்டில் வளர்க்கும் ஓணான் வகைகளை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். டியூப்பில் மிச்சம் பிடிப்பவர்கள் மருத்துவரிடம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு இலவச வழியும் உண்டு. காலை வெயிலில் வலைக்கூண்டில் வைத்துப் பக்கத்திலேயே இருந்து அரை மணி நேரம் காட்டலாம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது, கண்ணாடி யுவி-பியைத் தடுத்துவிடும்.

சாப்பாட்டில் மட்டும் இகுவானா சாது, சுத்த சைவம். கீரைக்காரம்மாவிடம் தினம் 30 ரூபாய் கொடுத்தால் போதும். ஆனால் பாலக், முளைக்கீரை மாதிரி ஆக்சலேட் அதிகமுள்ள கீரைகளைத் தினமும் போடக்கூடாது, கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. முருங்கையும் செம்பருத்தி இலையும் நல்லது. பியர்டட் டிராகன் சின்ன வயதில் பெரும்பாலும் பூச்சி, புழுதான் தின்னும், வளர வளரக் கீரை அதிகமாகும். முதல் வருடம் புழுச் செலவு மாதம் 1,000 ரூபாயைத் தாண்டலாம், அப்புறம் இறங்கும். ஓட்ஸ் தவிட்டில் சூப்பர்வார்ம் என்ற தீனிப் புழுவை வளர்க்க உங்கள் மகன் முன்வந்தால் இன்னும் இறங்கும், ஆனால் அந்த டப்பா எங்கே இருக்கும் என்பதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவத்துக்கு மாதம் 500 ரூபாய் தனியாக ஒதுக்குங்கள். பெட் இன்ஷூரன்ஸ் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும்தான். ஊர்வன பார்க்கும் மருத்துவர்கள் குறைவு. வாங்குவதற்கு முன்பே, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்து, யார் பார்ப்பார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாகப் பார்த்தால், பியர்டட் டிராகனுக்குப் பிராணி 38,000, நாலடிக்கு இரண்டடி கூண்டும் விளக்குகளும் 24,000, அப்புறம் மின்சாரம், சாப்பாடு, டியூப், மருத்துவம் என மாதம் 2,200. பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 3.26 லட்சம். இகுவானாவுக்குப் பிராணி 9,000, இரண்டு கட்டமாகச் செய்யும் கூண்டுகளுக்கு 60,000, மாதம் 3,000. 15 வருடத்துக்கு 6 லட்சத்துக்கு மேல், கூடுதல் அறை வாடகை இதில் இல்லை. கடைக்காரர் சொன்ன அந்த 9,000 ரூபாய், மொத்தச் செலவில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். இதே பணத்தை எஸ்ஐபியில் போட்டால் எவ்வளவு ஆகும் என்று அடுத்த வரியில் எழுதுவது என் தொழிலில் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. அப்படிப் பார்த்தால் யாரும் டீ கூடக் குடிக்கமுடியாது.

வருடங்களைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்கவேண்டும். மகனுக்கு 12 வயது. நன்றாகப் பராமரித்தால் இகுவானா 15 வருடம், சில சமயம் 20 வருடமும் இருக்கும். அவன் கல்லூரிக்கு விடுதியில் போய், வேலைக்கு வேறு ஊர் போனபின்னும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கும். 58 வயதில், ஓய்வுக்குப் பக்கத்தில், ஐந்து கிலோ பிராணிக்கு நீங்கள் கீரை நறுக்கிக்கொண்டிருப்பீர்கள். பியர்டட் டிராகனுக்குப் பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் பாதி உங்கள் தலையில்தான், ஆனால் அரை கிலோ எடை, ஒன்றரை, இரண்டு அடி நீளம். அம்மாகூடக் கையில் எடுத்துவிடலாம். எடுத்தால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. இரண்டு இனமும் நோய்க்குறி எதுவும் இல்லாமலே சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், 71 வயதில் அந்த வயிற்றுப்போக்கு சாதாரணமில்லை.

அடுத்து காகிதம். பச்சை இகுவானா, வன உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். யாருக்காவது கொடுத்தாலும், அது இறந்தாலும் தெரிவிக்கவேண்டும். "அதெல்லாம் யாரும் கேட்கமாட்டாங்க சார்" என்று கடையில் சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். பியர்டட் டிராகனுக்கும் காகிதம் கேளுங்கள். ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை உயிரோடு வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்வதில்லை. உலகம் முழுக்க விற்பனையாவது வேறு நாடுகளில் கூண்டில் பிறந்த வம்சம். அதனால் இங்கேயே பிறந்ததா, இறக்குமதியா, இறக்குமதி என்றால் உரிமம் எங்கே என்று கேளுங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஊர்வனவற்றை அடைத்துக்கொண்டு வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பில் இல்லாத 38,000 ரூபாய்ப் பொருளை நான் யாருக்கும் வாங்கச் சொல்லமாட்டேன், அது மூச்சுவிடும் பொருளாக இருந்தால் இன்னும் கூடாது. இதைப் படித்துவிட்டு, இலவசமாக உடும்பு வளர்க்கலாமே என்று யாரும் கிளம்பிவிடவேண்டாம். உடும்பு அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, அதற்குச் சிறை.

பியர்டட் டிராகனுக்கு எதிராகச் சென்னையில் ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை மறைக்கமாட்டேன். நம் கடலோரப் புழுக்கம் இகுவானாவுக்குப் பிறந்த வீடு மாதிரி, பியர்டட் டிராகனுக்கு ஒத்துக்கொள்ளாது. ஈரக்காற்று அதிகமானால் அதற்கு நுரையீரல் தொற்று வரும். காற்றோட்டமான கூண்டு, உள்ளே பெரிய தண்ணீர்க் கிண்ணம் இல்லாமல், ஒரு ஈரப்பதமானியோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தினம் பார்த்துக்கொள்ளவேண்டும். தீபாவளிக்கு வேண்டாம் என்று சொல்ல இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உங்கள் கார்டு. 45,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் என்றாலும் வட்டி 1,575 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒரு பியர்டட் டிராகனின் சாப்பாடும் மின்கட்டணமும் சேர்ந்தே 1,400 ரூபாய்தான். அதாவது நீங்கள் ஏற்கெனவே ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அது வங்கியில் இருக்கிறது, மகனால் தொட்டுக்கூடப் பார்க்கமுடியாது.

போனஸ் வந்த அன்றே 45,000 ரூபாயை கார்டுக்குக் கட்டி பாக்கியைத் தீருங்கள். மிச்சம் 25,000 ரூபாயில் கூண்டையும் விளக்குகளையும் வாங்குங்கள். ஆசை தீர்ந்தவர்கள் விற்கும் பழைய கூண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, டியூப்பை மட்டும் புதிதாகப் போடுங்கள். கூண்டைக் காலியாகவே வைத்து இரண்டு மாதம் விளக்கெரியவிடுங்கள். காலையில் போட்டு இரவில் அணைப்பது, வெப்பநிலையை நோட்டில் எழுதுவது எல்லாம் மகனுடைய வேலை. அடுத்த மின்கட்டணத்தில் என் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும், அவன் நோட்டில் எத்தனை நாள் விடுபட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கூடவே 7,000 ரூபாயை ஆறு மாத ஆர்.டி.யில் போடுங்கள். 42,000 ரூபாய் சேரும்போது ஏப்ரல், மே வந்திருக்கும், பரீட்சை முடிந்திருக்கும், மழையும் இருக்காது. ரொக்கமாக வாங்குங்கள். கடைக்காரரின் இஎம்ஐ வேண்டவே வேண்டாம், முதல் வருடத்திலேயே பிராணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இல்லாத ஓணானுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். எஸ்ஐபியில் கைவைக்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கூண்டு எங்கே வைப்பது என்பதை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். அவர் எந்த மூலையைக் காட்டினாலும் சரி, ஏசி அறையும் அடுக்களையும் மட்டும் வேண்டாம்.