கஞ்சமலைக் கல் விண்கல்லா?

கேள்வி: கஞ்சமலைச் சித்தர்கோவில் பக்கம் போயிருந்தபோது அடிவாரத்தில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. உள்ளங்கை அளவுதான், ஆனால் கனமோ கனம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் இதிலும் ஒட்டிக்கொள்கிறது. என் தம்பி விண்கல் என்று சாதிக்கிறான். படம் அனுப்பியிருக்கிறேன். உண்மைதானா ஐயா?
– சேலம் வாசகர்

பதில்: விண்கல் இல்லை. படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி மெல்லிய வரிகள் ஓடுகின்றன. விண்கல்லில் இப்படி வரி இருக்காது. கறுப்பு வரி மேக்னடைட் என்ற இரும்புத் தாது, வெள்ளை வரி குவார்ட்ஸ் என்ற கனிமம்.

தம்பி நம்பவில்லையென்றால் ஒரு டைல்ஸ் துண்டைக் கவிழ்த்து, பளபளப்பில்லாத அடிப்பக்கத்தில் கல்லின் கறுப்பு வரியை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். கறுப்புக் கோடு விழும். விண்கல்லாக இருந்தால் பெரும்பாலும் கோடே விழாது. செங்கல் நிறத்தில் விழுந்தால் அது ஹேமடைட், இன்னொரு இரும்புத் தாது. நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த மேக்னடைட்டின் மேல்பக்கம் ஹேமடைட்டாக மாறியிருக்கும். அதனால் ஓரத்தில் சிவப்பு தட்டினால் குழம்பாதீர்கள். உடைந்த புதுப் பக்கத்தில் தேயுங்கள்.

மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போது முதலில் கல்லைக் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொல்வேன், காந்தமெல்லாம் அப்புறம்தான். ஒரே அளவுள்ள குவார்ட்ஸைவிட மேக்னடைட் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். சுத்தமான மேக்னடைட்டில் எடைக்கணக்கில் 72 சதவீதம் இரும்பு. அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் முள் வடக்கை விட்டு எங்கோ திரும்பி நிற்கும். பாறை எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று திசைகாட்டியால் அளக்க வந்த மாணவர்கள் அங்கே திணறிப்போவார்கள்.

இது பிறந்தது கடலுக்கடியில். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ, கடல்நீரில் ஆக்சிஜன் இல்லாத காலம் அது. ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு கரைந்தே இருக்கும். நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளிவிட ஆரம்பித்ததும் கரைந்திருந்த இரும்பு துருவாகித் தரையில் படிந்தது. அதன்மேல் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்), மறுபடி இரும்பு என்று அடுக்கடுக்காக. பிறகு இந்த அடுக்குகள் பூமிக்குள் வெகு ஆழத்துக்குப் போய் வெந்து, நசுங்கி, மடிந்தன. இரும்பு அடுக்கு மேக்னடைட் ஆனது, சிலிக்கா அடுக்கு குவார்ட்ஸ் ஆனது. கஞ்சமலையே அப்படி மடிந்த பாறைதான். அந்தக் கடல் அடுக்கைத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். வானத்திலிருந்து விழுந்த எதற்கும் இது குறைந்ததில்லை என்பேன்.

சேலத்து இந்தத் தாதுவை நம்பித்தான் 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார்.

கேள்வி: தானாகவே குண்டூசியை இழுக்கும் கல்லும் உண்டாமே? அது வேறு கல்லா?
– மதுரை வாசகி

பதில்: அதே மேக்னடைட்தான் அம்மா. எல்லா மேக்னடைட்டையும் காந்தம் இழுக்கும். ஆனால் மிகச் சிலதான் தாமே காந்தமாக இருக்கும். மின்னல் தாக்கும்போது பாறையில் பாயும் பெருமின்சாரம்தான் அதற்குக் காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இத்தகைய கற்கள் நிலத்தின் மேற்பரப்பிலேயே கிடைப்பதும் அதற்குப் பொருந்துகிறது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். 580 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தக் காந்தசக்தி போய்விடும்.