ஆற்றங்கரையில் ஆறு பக்கக் கான்கிரீட் அறை: உள்ளே போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் இருக்கிறோம். ஃபார்ன்ஹாம் பக்கம் வே ஆற்றோரம் நடந்தபோது, புதருக்குள் ஆறு பக்கச் சுவர் கொண்ட கான்கிரீட் அறையைப் பார்த்தோம். சுவரில் சிறு துளைகள். பழைய பம்ப் அறையா, போர்க்காலத்ததா? பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போகலாமா?

பதில்: இடமும் வடிவமும் பொருந்துவதால், அது இரண்டாம் உலகப் போரில், 1940-ல் கட்டிய பில்பாக்ஸாகத்தான் இருக்க வேண்டும். பில்பாக்ஸ் என்பது உள்ளிருந்து சுடத் துளைகள் வைத்த சிறு கான்கிரீட் காவலரண். அந்த ஆண்டு பிரான்சின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து தப்பி வந்த பிரிட்டிஷ் படை பீரங்கிகளையும் டாங்கிகளையும் பிரான்சிலேயே விட்டிருந்தது. ஜெர்மானியர் எப்போது வேண்டுமானாலும் கரையிறங்கலாம் என்ற பயம். உள்நாட்டுப் படைகளின் தளபதி ஜெனரல் அயர்ன்சைடு, டாங்கி தாண்ட முடியாத ஆறு, கால்வாய்களை ஒட்டித் தடுப்புக் கோடுகள் போட்டார். லண்டனைக் காக்கும் முதன்மைக் கோடு வே பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது.

உறுதி செய்ய, முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வாசல் உள்ள சுவர் மட்டும் சுமார் 14 அடி நீளம், மற்றவை 7, 8 அடி என்றால் அது பில்பாக்ஸ் வடிவமைப்புகளில் 24-ஆம் வகை. பரவலாகக் கட்டப்பட்டது அதுதான். வாசலின் இருபுறமும் ஒவ்வொரு சுடுதுளை இருக்கும். ஆறு பக்கமும் சமமென்றால் 22-ஆம் வகை. சுவரைத் தடவினால் சென்ட்ரிங் பலகையின் மரவரி கையில் தட்டுப்படும். வெளியே செங்கல் தெரிந்தாலும் சந்தேகப்பட வேண்டாம்: பலகை கிடைக்காத இடங்களில் செங்கல் சுவரையே அச்சாக எழுப்பி உள்ளே கான்கிரீட் ஊற்றினார்கள். வாசலில் நின்றே எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு குறுக்குச் சுவர் தெரியும். துளை வழியே புகுந்த தோட்டா தெறித்து உள்ளே இருப்பவர் எல்லோரையும் சாய்த்துவிடாமல் தடுப்பது அதன் வேலை.

ஒன்றோடு நிற்காதீர்கள். துளைகள் எந்தப் பாலத்தை, எந்த வளைவைப் பார்க்கின்றன என்று கவனித்தால்தான் கோடு புரியும். பக்கத்திலேயே வேவர்லி மடத்தின் இடிபாடுகளைச் சுற்றி இன்னும் சில பில்பாக்ஸ்களும் டாங்கித் தடைக் கட்டைகளும் இருக்கின்றன.

உள்ளே போக நில உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். நடைபாதை பொதுவானது என்பதால் பக்கத்து நிலமும் பொதுவாகிவிடாது. குளிர்காலத்தில் அனுமதி கிடைத்தாலும் போகாதீர்கள். வௌவால்கள் உறங்கும் காலம் அது. அவற்றைத் தொந்தரவு செய்வது குற்றம். மற்ற மாதங்களிலும் தேங்கிய நீர், உடைந்த கண்ணாடி, துருக்கம்பி இருக்கும். பிள்ளைகளை வெளியே நிறுத்துவதே நல்லது. குண்டு போல் எதையாவது கண்டால் தொடாமல் விலகி 999-ஐ அழையுங்கள்.

ஒரு வேலை மட்டும் அவசியம் செய்யுங்கள். சுமார் 28,000 காவலரண்கள் கட்டியதாக மதிப்பீடு. எஞ்சியவை 6,500 அளவில்தான். பெரும்பாலானவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நான்கு பக்கமும் படமெடுத்து, வரைபடக் குறியீட்டுடன் கவுன்ட்டியின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கு (பழைய கட்டடங்கள், தொல்லியல் இடங்களின் பதிவு) அனுப்புங்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்தாலும், இன்றைய நிலையைக் காட்டும் படம் அவர்களுக்குத் தேவைப்படும்.