வேலையிழப்பு குடும்பச் செலவை எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் குறைக்கிறதா?

இல்லை. இழந்த சம்பளத்தில் எவ்வளவு பங்கு, எத்தனை மாதங்களுக்கு ஈடுசெய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே நுகர்வின் வீழ்ச்சி அமைகிறது. ஜெர்மனியில் வேலையின்மைக் காப்பீட்டுத் தகுதி உள்ளவருக்கு முந்தைய நிகர ஊதியத்தில் 60 சதவீதமும், குழந்தை இருந்தால் 67 சதவீதமும், பெரும்பாலும் ஓராண்டு வரை கிடைக்கிறது. டென்மார்க்கில் இரண்டாண்டுகள் வரை பெறலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உச்சவரம்பு 26 வாரங்கள்தான்.

இதில் கவனிக்கத்தக்கது, உதவித்தொகை எப்போது முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தும், அமெரிக்கக் குடும்பங்கள் அதற்கேற்பச் சிறுகச் சிறுகச் செலவைக் குறைப்பதில்லை என்பதாகும். தொகை நின்ற மாதத்தில்தான் மளிகை, மருந்து போன்ற அத்தியாவசியச் செலவுகளும் சட்டெனச் சரிகின்றன. கைச்சேமிப்பு இல்லாத நிலையே இதற்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. 2020-இல் வாரத்திற்கு 600 டாலர் கூடுதலாக வழங்கப்பட்டபோது, வேலையற்றோர் பலரின் செலவு உயர்ந்ததும் இதை ஒட்டியதே.

முறைசாராத் தொழில் மிகுந்த நாடுகளில் இத்தகைய காப்பீடு பெரும்பாலோரை எட்டுவதில்லை. அங்கே உறவினர் உதவி, கடன், நகை அடமானம் ஆகியவையே முதல் அரண். ஒரு பகுதி முழுவதும் வேலையிழக்கும்போது உதவ வேண்டிய உறவினரும் அதே நெருக்கடியில் இருப்பதால் அந்த அரணும் தளர்ந்துவிடுகிறது.

வேலையில் தொடர்பவர்களும் அச்சத்தால் வாகனம், வீட்டுச் சாதனம் வாங்குவதைத் தள்ளிப்போடுகின்றனர். வேலையின்மை 25 சதவீதத்தைக் கடந்த 2013-இன் ஸ்பெயின், கிரீஸ் போன்ற நாடுகளில் இந்த முன்னெச்சரிக்கையையும் சேர்த்தே நுகர்வுச் சரிவைக் கணக்கிட வேண்டும்.