லியோசா கேள்வி பதில்: சீருடையைக் கழற்றிய பிறகும் இடுப்பில் துப்பாக்கி

அமெரிக்காவில் பணி நேரம் முடிந்த போலீஸாரும் ஓய்வு பெற்றவர்களும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல வழி செய்யும் கூட்டாட்சிச் சட்டம்தான் லியோசா (LEOSA). 2004-ல் வந்தது. நான் ஒரு ஷெரிப் அலுவலகத்தில் (மாவட்டப் போலீஸ் மாதிரி) 22 ஆண்டு வேலை பார்த்தவன். கடைசி ஆண்டுகளில் சுடுதளப் பயிற்சியாளர். அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

12 வருஷம் போலீஸில் இருந்துவிட்டு ராஜினாமா செய்தேன் சார். பென்ஷன் வயது வரவில்லை. எனக்குப் பொருந்துமா?

பொருந்த வாய்ப்பிருக்கிறது. சட்டம் பார்ப்பது பென்ஷனை அல்ல, நல்ல பெயரோடு விலகினீர்களா என்பதை. முதலில் 15 ஆண்டு கேட்டார்கள், 2010 திருத்தத்தில் அது 10 ஆனது. இரண்டு மூன்று துறைகளில் வேலை பார்த்திருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். கைது செய்யும் அதிகாரம் உள்ள வேலையாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு விஷயம் கையில் வேண்டும்: பழைய துறை கொடுத்த புகைப்பட அட்டை, கடந்த 12 மாதத்துக்குள் சுடும் தேர்வில் தேறியதற்கான சான்று. ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் லியோசா உங்களைக் காப்பாற்றாது. ஒருமுறை ஒரு பெரியவர் சுடுதளத்துக்கு வந்தார். சான்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்பு விழாமல் வைத்திருந்தார். தேதியைப் பார்த்தால் 14 மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பாதுகாப்பு இல்லாமலே நடமாடியிருக்கிறார். தேதியைப் பாருங்கள்.

அட்டை தர மறுக்கும் துறைகளும் உண்டு. புளோரிடாவில் ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி வழக்குப் போட்டார். அட்டையைக் கேட்டு வாங்கும் உரிமையை இந்தச் சட்டம் தரவில்லை என்று 2019-ல் 11-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (புளோரிடா உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) சொல்லிவிட்டது. அதனால் விலகும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நியூஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும்) தோட்டா வைத்திருக்கலாமா?

லியோசா தகுதி இருந்தால் வைத்திருக்கலாம். ஓய்வு பெற்றவர்கள் மாநிலத்தின் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை, ஹாலோ பாயிண்டும் தடையில்லை என்று 2024 பிப்ரவரியில் 3-வது வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்தில் தோட்டா என்ற சொல் இருக்கிறது, மேகசின் (துப்பாக்கியில் தோட்டா அடுக்கும் பெட்டி) என்ற சொல் இல்லை. அதனால் மேகசினுக்கு மாநிலம் வைத்த 10 தோட்டா வரம்பை மதியுங்கள்.

சென்னையில் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டரான அப்பா விசிட் வருகிறார்...

பொருந்தாது. அமெரிக்கத் துறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்.

விமானத்தில்?

கேபினுக்குள் லியோசா செல்லாது. தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டு செக்-இன் செய்யுங்கள்.

கடையில் கொள்ளை நடந்தால் தலையிடலாமா அண்ணா?

லியோசா கைது அதிகாரம் தருவதில்லை. மாநிலத் தடையிலிருந்து விலக்கு தருகிறது, அவ்வளவுதான். முதலில் 911-க்கு (அவசர உதவி எண்) போன்.

அப்படியானால் துப்பாக்கி எதற்கு? பேட்ஜை பெல்ட்டில் மாட்டினால் வருகிற போலீஸுக்குத் தெரியாதா? (இதே நண்பர் மூன்று முறை எழுதியிருக்கிறார். இன்னும் இருவர் அவர் பக்கம்.)

தெரியாது, தம்பி. 2009 மே மாதம், நியூயார்க் கிழக்கு ஹார்லெம். ஓமர் எட்வர்ட்ஸ், வயது 25, டியூட்டி முடிந்து வந்த கறுப்பினப் போலீஸ்காரர். தன் காரை உடைத்தவனைக் கையில் துப்பாக்கியோடு துரத்தினார். அந்தப் பக்கம் வந்த சக போலீஸ்காரரே சுட்டுக் கொன்றார். கையில் துப்பாக்கியோடு சாதாரண உடையில் ஒருவர் ஓடினால் வருகிறவர் முதலில் பார்ப்பது துப்பாக்கியை. இடுப்பில் இருக்கும் பேட்ஜ் சட்டைக்கு அடியில், அல்லது மறுபக்கத்தில் இருக்கும். நம் நிறத்துக்காரர்கள் இதை இன்னும் ஒரு தடவை யோசிக்க வேண்டும். உங்கள் மீதோ பக்கத்தில் இருப்பவர் மீதோ உயிராபத்து நேரடியாக வந்தால் வேறு கதை. மற்ற நேரம் நல்ல சாட்சியாக இருங்கள். "பார்த்துக்கொண்டு நிற்பதா" என்று கேட்டீர்கள். ஆமாம், நிற்கலாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்யாண விருந்தில் ஒரு பீர்?

குடிக்கிற நாளில் துப்பாக்கி வீட்டில். சட்டம் போதையில் இருக்கக் கூடாது என்கிறது, எத்தனை கிளாஸ் என்று சொல்லவில்லை. அளவு பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மால்? பூங்கா? பள்ளி?

நாலு பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஒரே பதில். தனியார் இடத்தின் உரிமையாளர் தடுக்க மாநிலம் இடம் கொடுத்தால் தடுக்கலாம். மாநில, உள்ளாட்சி அரசுக் கட்டடத்திலும் பூங்காவிலும் மாநிலத் தடை செல்லும். கூட்டாட்சிக் கட்டடத்தில் லியோசா உதவாது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்கான கூட்டாட்சித் தடைக்கும் இது விலக்கல்ல. பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது மறந்துவிடாதீர்கள்.

என் மனைவிக்கும்?

இல்லை.

வருடாந்திரத் தேர்வுக்குக் காசு யார் கொடுப்பது?

ஓய்வு பெற்றவர் கைக்காசுதான், சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.