என்ஜின் மாற்றிய கோ-கார்ட்டுக்கு எத்தனை பல் ஸ்ப்ராக்கெட்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன: “இந்த என்ஜினுக்கு என்ன ரேஷியோ, சார்?” ரேஷியோ என்பது பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரம்) பற்களை முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்களால் வகுத்தால் வருவது; 15/42 என்றால் முன்னால் 15 பல், பின்னால் 42. என்ஜினை மட்டும் சொன்னால் பதில் சொல்ல முடியாது. பின்டயரின் சுற்றளவு, தளத்தில் மிக மெதுவான வளைவு, நீளமான நேர்ப்பாதை இந்த மூன்றும் தெரிய வேண்டும். கீழே உள்ள கணக்கெல்லாம் கார்ட்டுகளில் வழக்கமாக வரும் 11 அங்குலப் பின்டயருக்கானது. ஒரு சுற்றுக்கு 0.87 மீட்டர் என்று வைத்திருக்கிறேன். உங்கள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஆளை உட்கார வைத்து ஒரு சுற்று உருட்டி அளந்துகொள்ளுங்கள். காற்றையும் எடையையும் பொறுத்து இது மாறும்.

கல்லூரி அணிக்காக 150 சிசி பைக் என்ஜினை ஏற்றினோம். பைக்கில் இருந்த 15/42 ஸ்ப்ராக்கெட்டையே போட்டோம். டாப் கியரில் கத்துகிறதே தவிர 50-ஐத் தாண்டி நகரவில்லை. என்ஜின் வீக்கா?

என்ஜின் மேல் குற்றமில்லை, சக்கரம் சிறியது. 100/90-17 டயர் ஒரு சுற்றுக்கு 1.92 மீட்டர் போகும். உங்கள் கார்ட் டயர் அதில் பாதிகூடப் போகாது.

கணக்குக்காக பிரைமரி (கிராங்கிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் முதல் கியர் ஜோடி) 3.0, டாப் கியர் 1.0, என்ஜின் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருவது 2,833 சுற்று. 15/42 என்றால் 2.8. பைக்கில் அது மணிக்கு 116 கி.மீ., கார்ட்டில் 53. நீங்கள் பார்ப்பதும் ஏறத்தாழ இதேதான். கார்ட்டில் 90 வேண்டுமானால் 1.64 போதும், அதாவது 15/25. “இவ்வளவு சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டால் பிக்கப் போய்விடுமே” என்று பயப்பட வேண்டாம். டயரும் சின்னது என்பதால், முதல் கியரில் தரையில் கிடைக்கும் இழுவை அப்போதும் பைக்கில் இருந்ததைவிட அதிகம்தான்.

ஆனால் 90 எல்லா இடத்திலும் தேவையில்லை. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே கார் பந்தயத்துக்கும் ஆன தளம், அங்கே அந்த வேகத்துக்கு வேலை இருக்கும். நெருக்கமான கார்ட் தளத்தில் டாப் கியர் சும்மா கிடக்கும். நானாக இருந்தால் 15/28-இல் (79 கி.மீ.) தொடங்குவேன். நேர்ப்பாதையின் கடைசியில், பிரேக் போடும் இடத்தில் என்ஜின் தன் முழு பவர் சுற்றைத் தொட்டால் ரேஷியோ சரி. அதற்கு வெகு முன்பே தொட்டுவிட்டால் பின்னால் பல் குறைக்க வேண்டும், தொடவே இல்லையென்றால் கூட்ட வேண்டும்.

இன்னொன்று: 428 அளவு பைக் செயினுக்கு 25 பல் ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் ஏறத்தாழ 101 மி.மீ.தான். ஆக்சில் ஹப்பின் போல்ட்டுகள் அதற்குள் அடங்குமா என்று பார்த்துவிட்டு லேத் பட்டறைக்குப் போங்கள்.

கியர்பாக்ஸ் ரேஷியோ எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய என்ஜின், மேனுவலும் இல்லை.

எண்ணிப் பார்த்துவிடலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், டாப் கியரில் போடுங்கள். கிராங்கின் முனையில் உள்ள மேக்னெட்டோ நட்டில் சாக்கெட் மாட்டி, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். வெளியே உள்ள சின்ன ஸ்ப்ராக்கெட் 10 சுற்று முடிக்க கிராங்க் 30 சுற்று போனால், பிரைமரியும் கியரும் சேர்ந்து 3.0. மற்ற கியர்களுக்கும் இப்படியே.

பழைய டூ-ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு ஹோண்டா ஜிஎக்ஸ்200 போட்டேன். 12/80 வைத்தபோது ஆமை வேகம். 20/62 ஆக்கினேன், 60 போகிறது, ஆனால் தளத்தை நாலைந்து முறை சுற்றுவதற்குள் கிளட்ச் கருகி நாறுகிறது.

டூ-ஸ்ட்ரோக் ரேஸ் என்ஜின் 14,000 சுற்று வரைகூடப் போகும். பம்பு, ஜெனரேட்டர் ஓட்டும் ஜிஎக்ஸ்200-க்கு 3,600 பக்கம்தான் வேலை. அதனால் 12/80-இல் (6.67) மணிக்கு 28 கி.மீ.யோடு நின்றிருக்கும். 20/62 என்பது 3.1. மேல்வேகம் 60 வருவது சரிதான், சிக்கல் கீழே இருக்கிறது.

உங்கள் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (என்ஜின் வேகம் ஏறினால் தானாகப் பிடிப்பது) சுமார் 2,000 சுற்றில் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.1 ரேஷியோவில் அது மணிக்கு 34 கி.மீ. அதற்குக் கீழே போகும்போதெல்லாம் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இழுக்கிறது. கொண்டை ஊசி வளைவில் 25-க்கு இறங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் அங்கே உரசல்தான், சூடுதான். கிளட்ச் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள், நீலம் பாரித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

18/72 போட்டுப் பாருங்கள். ரேஷியோ 4, மேல்வேகம் 47, கிளட்ச் 26-இலேயே பிடித்துவிடும். வளைவுகள் நிறைந்த தளத்தில் சுற்று நேரம் குறையவும் செய்யலாம். குழந்தைகள் வளாகத்துக்குள் ஓட்டும் கார்ட் என்றால் தயங்காமல் 5 அல்லது 6-க்குப் போய்விடுங்கள். கடினமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். புறப்படும்போது உதறலாகப் பாயும், உண்மைதான். ஆனால் 2,500-இல் பிடிக்கிற கிளட்ச் இதே 3.1-இல் 42 வரை வழுக்கும்.

அதே என்ஜினில் கவர்னரை (என்ஜின் சுற்று வரம்பு மீறாமல் தடுப்பது) கழற்றிவிட்டால் ரேஷியோ மாற்றாமலே வேகம் வருமே?

வரும். கூடவே கனெக்டிங் ராடும் ஃப்ளைவீலும் உடையும் ஆபத்தும் வரும். அவை அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல, ஃப்ளைவீல் சிதறினால் பக்கத்தில் இருப்பது உங்கள் உடம்பு. வேண்டாம்.

ஆக்டிவா என்ஜினை வைத்துக் கார்ட் செய்கிறேன். சிவிடி (பெல்ட்டில் தானாக ரேஷியோ மாற்றும் அமைப்பு) இருப்பதால் ரேஷியோ பார்க்க வேண்டியதில்லைதானே?

பார்க்க வேண்டும். 90/100-10 டயரின் விட்டம் சுமார் 434 மி.மீ., கார்ட் டயர் 279. சம பல் போட்டால் ஸ்கூட்டரில் 80 போன என்ஜின் இங்கே 51 போகும். ஈடுகட்ட வேண்டுமானால் முன்னால் பெரியது, பின்னால் சிறியது: 28/18. பார்க்கத் தலைகீழாக இருக்கும், கணக்கு அதுதான். ஆனால் அந்த 80 உங்களுக்கு எதற்கு? 22/18 போதும், 62 வரும், பெல்ட்டும் சிரமப்படாது.

முன்னால் ஒரு பல் கூட்டுவதா, பின்னால் குறைப்பதா?

பெரிய மாற்றத்துக்கு முன்னால், நுணுக்கத்துக்குப் பின்னால். 12/80-ஐ 13/80 ஆக்குவது, பின்னால் 6 பல் குறைத்து 12/74 ஆக்குவதற்குச் சமம். பைக் என்ஜினின் 15/25-இல் பின்னால் ஒரு பல் மாற்றினாலே 4 சதவீதம் மாறிவிடும்.

இடம் போதவில்லை. பைக் என்ஜினை முன்பின்னாகத் திருப்பி வைக்கலாமா?

வைக்கலாம், ஐந்து கியரிலும் ரிவர்ஸில் போவீர்கள். செயின் திசையை மாற்றித் தராது. இடையில் கியர் ஜோடி ஒன்று போட்டுச் சரிசெய்வதைவிட, சீட்டை நகர்த்துவது மலிவு.