வீட்டிலிருந்து நாலு காசு: வாசகியர் கேள்வியும் அக்காவின் பதிலும்

கேள்வி: அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு நாலு வயது, முன்பள்ளிக்குப் போகிறாள். இளையவனுக்கு ஒன்றேகால் வயது, என்னை விட்டு அசையமாட்டான். அவர் மேசன் வேலை செய்கிறார். மாரி தொடங்கினால் ஒழுங்கான வேலை இல்லை. மீள்குடியேறிய காலத்தில் அம்மாவுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தையல் மெசின் இப்போது என்னிடம் மூடிக் கிடக்கிறது. எனக்கு நன்றாகத் தைக்கத் தெரியும். ரவுனில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு 900 ரூபாய் கூலி எடுக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மெசின் இருப்பதால் நான் அதை விட்டுவிட்டேன். இப்போது குழுக்கடனாக ஒரு இலட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். கிழமைக்கு 2,500 படி 52 கிழமை கட்டவேண்டும். அதை எடுத்துக் காளான் வளர்க்கலாமா?
(ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, அந்தக் காசில் கை வைக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகக் கதைப்போம்.

2,500 ஐ 52 ஆல் பெருக்கினால் 130,000. முப்பதாயிரம்தானே வட்டி, நூற்றுக்கு முப்பது என்று தருகிறவர் சொல்லுவார். ஆனால் அந்த ஒரு இலட்சமும் வருசம் முழுக்க உங்கள் கையில் இருக்கப்போவதில்லை. அடுத்த கிழமையே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். குறைந்துகொண்டே போகிற முதலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருசத்துக்கு 50 வீதத்தைத் தாண்டும். வன்னியில் எந்தச் சின்னத் தொழில் அவ்வளவு இலாபம் தரும், சொல்லுங்கள்?

காளானையும் பார்ப்போம். சிப்பிக்காளான் பையில் விதையிட்டு அது பரவி மொட்டு வர ஒரு மாதமாவது செல்லும். அதற்குள் நாலு தவணை, பத்தாயிரம் ரூபாய், கட்டியாகவேண்டும். எங்கிருந்து கட்டுவீர்கள்? காளானுக்கு ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வேண்டும். சோளகக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் உங்கள் ஊர் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நாளுக்கு மூன்று தரம் கொட்டிலை நனைக்கவேண்டும். பிடுங்கிய காளான் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் ஒன்றிரண்டு நாளில் பழுதாகிவிடும். வாங்குகிற கடை பக்கத்தில் இருக்கிறவருக்கு அது நல்ல தொழில்தான். உங்கள் கடிதத்தில் காளானை யார் வாங்கப்போகிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

தவணை கட்டத் தோட்டை அடகு வைத்த பெண்களோடும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்களோடும் நான் கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) படி ஏறியிருக்கிறேன். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முடிவெடுக்க வேண்டி வந்தது. நிலைமை அவ்வளவு தூரம் போயிருந்தது. குழுக்கடனில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நீங்கள் ஒரு கிழமை கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா கட்டவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய்க் கூப்பிடுகிற அந்த அக்காவோடு முகம் பார்க்கமுடியாமல் போய்விடும்.

உங்களிடம் கடன் இல்லாத ஒரு முதல் ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது. வீட்டுக்கு வீடு மெசின் இருக்கிறது என்கிறீர்கள். அதில் எத்தனை ஓடுகிறது? 2010 க்குப் பிறகு நான் போன மீள்குடியேற்ற ஊர்களில் எல்லாருக்கும் ஒரே மாதிரி மெசின், ஒரே மாதிரிக் கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். தைக்கத் தெரிந்தவருக்கும் கிடைத்தது, தெரியாதவருக்கும் கிடைத்தது. பாதி மெசினுக்கு மேல் இன்று சாமான் வைக்கிற மேசையாக நிற்கிறது. நாளைக்கே உங்கள் ஒழுங்கையில் ஒரு நடை நடந்து, கூலிக்குத் தைக்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். அரச பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது. 1993 இல் தொடங்கிய திட்டம் அது. துணிதான் இலவசம், தையற்கூலி இல்லை. துணி கிடைத்த கிழமையிலிருந்து பள்ளிக்கூடத் தவணை தொடங்கும் வரைக்கும் ஊரில் இருக்கிற ஒவ்வொரு தாயும் தையற்காரரைத் தேடுவார். ரவுனுக்குப் பஸ்ஸில் போய்க் கொடுத்து, திரும்பவும் போய் எடுக்கிற செலவும் அலைச்சலும் அவர்களுக்கு உண்டு. அந்தத் தாய்மார்தான் உங்கள் வாடிக்கை. துணி வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அதிபரையும் வகுப்பு ரீச்சர்மாரையும் கண்டு கதையுங்கள். முன்பள்ளி வாசலில் நிற்கிற தாய்மாரிடமும் சொல்லி வையுங்கள்.

மெசின் கனகாலம் கிடந்திருக்கிறது. ஊசித்தட்டைக் கழற்றி உள்ளே அடைந்த பஞ்சைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுங்கள். எண்ணெய் விட்டதும் சீருடையில் கை வைக்கவேண்டாம். ஒரு நாள் முழுக்கப் பழைய துணியில் ஓட்டுங்கள். மிச்ச எண்ணெய் வெள்ளைத் துணியில் சொட்டினால் அந்தத் தாய்க்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். ஊசியைப் புதிதாக மாற்றுங்கள், பெல்ற்றையும் பாருங்கள். சீருடைத் துணியை வெட்டமுன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு அழுத்துங்கள். சில துணி முதற் கழுவலிலேயே சுருங்கிவிடும். சட்டையின் கீழ் மடிப்பில் இரண்டு மூன்று அங்குலம் விட்டுத் தையுங்கள். பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம். அப்படித் தைத்துக் கொடுத்தால் அடுத்த வருசமும் அந்தத் தாய் உங்களிடம்தான் வருவார். ஒரு கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அளவும் திகதியும் எழுதி வையுங்கள்.

கூலியில்தான் எங்கள் பெண்கள் தோற்றுப்போகிறார்கள். ரவுனில் 900 என்றால் "நான் வீட்டிலதானே இருக்கிறன், 400 தாங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். நூல், பொத்தான், சிப் எல்லாம் 120 ரூபாய் என்று வைப்போம். சட்டைக்கு மூன்று மணித்தியாலம் செல்கிறது என்றால் 400 இல் உங்களுக்கு மணித்தியாலத்துக்கு 93 ரூபாய் மிஞ்சும். 750 எடுத்தால் 210. தாய்க்கும் பஸ் காசு மிச்சம், உங்களுக்கும் கூலி நியாயம். துணியைத் தரும்போது பாதி, சட்டையை எடுக்கும்போது மீதி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரருக்கும் அதே விலைதான். கடன் கொப்பி திறந்த அன்றைக்கே தொழில் சரியத் தொடங்கும்.

சீருடைக் காலம் முடிந்தால் சிப் மாற்றுவது, காற்சட்டை கட்டையாக்குவது, நைற்றி, தலையணை உறை, கிழிந்த நுளம்புவலை என்று சின்ன வேலைகள் கிடக்கின்றன. காசு கொஞ்சம்தான், ஆனால் ஆட்கள் உங்கள் வாசலுக்கு வந்து பழகுவார்கள்.

இனிப் பிள்ளைகள். மகள் முன்பள்ளியில் இருக்கிற காலை நேரத்தில், மகன் நித்திரையாகிற அந்த ஒரு மணித்தியாலத்தைத் துணி வெட்டுவதற்கு மட்டும் வையுங்கள். கத்தரிக்கோலும் குண்டூசியும் வெளியில் இருக்கிற வேலை அது ஒன்றுதான். பொத்தான், குண்டூசி எல்லாம் மூடி இறுக்கிய பேணிக்குள் போய், எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒன்றேகால் வயதுக்காரன் கண்டதையும் வாய்க்குள் வைப்பான். பக்கத்தில் கைப்பிள்ளையோடு இன்னொரு தாய் இருந்தால் மாறிமாறிப் பிள்ளை பாருங்கள்: இரண்டு மணித்தியாலம் அவர், இரண்டு மணித்தியாலம் நீங்கள்.

உங்கள் அவருக்கு இந்தப் பகுதியை வாசிக்கக் கொடுங்கள். தம்பி, மாரியில் வேலை இல்லாமல் வீட்டில் நிற்கிற நாட்களில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் இரவுச் சாப்பாடு கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. சமைத்து, உடுப்புத் தோய்த்து, இரண்டு பிள்ளையையும் பார்த்துவிட்டு இரவு பன்னிரண்டு மணிவரை மெசின் மிதிக்கச் சொன்னால் உங்கள் மனைவி எத்தனை மாதம் தாங்குவார்? வீட்டில் இருந்து உழைத்தாலும் அது வேலைதான்.

பிறகு ஒரு காலம் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசின் வாங்கக் காசு தேவைப்பட்டால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடனையோ சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தையோ கேளுங்கள். ஆனால் முதலில் வாடிக்கை, பிறகுதான் கடன்.

கேள்வி: எங்களுக்கு ஒரு ஏக்கர் கச்சான். பச்சையாகவே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறோம். வீட்டில் வறுத்துப் பொதி செய்து விற்றால் கூடக் கிடைக்குமா? மூன்று பிள்ளைகள், வெளியில் வேலைக்குப் போக முடியாது.
(புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: கிடைக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கிற வாகனங்களைப் பார்த்திருப்பீர்கள். கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் போகிறவர் குறைவு. எங்கள் மண் தருகிற சாமானுக்கு ஆள் இருக்கிறது. ஆனால் முழுவதையும் ஒரேயடியாக வறுக்க யோசிக்காதீர்கள். இரண்டு மூட்டையை மட்டும் மறித்து வைத்துத் தொடங்குங்கள், மிச்சம் வியாபாரிக்கே போகட்டும்.

நான் பயப்படுவது பூஞ்சணத்துக்கு. பிடுங்கின கச்சான் சரியாகக் காயாமல் மூட்டைக்குள் போனால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் அஃப்ளரொக்சின் என்கிற நஞ்சு உண்டாகிறது, அது ஈரலைப் பாதிக்கும். வறுத்தாலும் அது முழுக்கப் போகாது. ஆகவே காயவைப்பதில்தான் முழுக் கவனமும் இருக்கவேண்டும். நிலத்தில் கொட்டாமல் பாயிலோ படங்கிலோ மெல்லிசாகப் பரப்புங்கள், பின்னேரப் பனிக்கு முன் அள்ளி மூடுங்கள். ஒரு கோதைக் காதடியில் வைத்துக் குலுக்கினால் பருப்புக் கலகலக்க வேண்டும். உடைத்துப் பார்த்தால் தோல் விரலால் உரிபடவேண்டும். சுருங்கினது, நிறம் மாறினது, கோது வெடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பிள்ளைகளுக்கோ கோழிக்கோ அதைப் போடவும் வேண்டாம்.

மணலில் வறுத்தால் சூடு ஒரே சீராகப் பிடிக்கும். நன்றாக ஆறின பிறகுதான் பொதி செய்யவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து நமத்துப்போகும். கோது நீக்கி வறுத்த பருப்பு கெதியில் காறல் மணம் அடிக்கத் தொடங்கும், அதனால் கிழமைக்கு விற்கக்கூடிய அளவை மட்டும் வறுங்கள். கடைக்குக் கொடுப்பதென்றால் பொதியில் பெயர், நிறை, செய்த திகதி, முடிகிற திகதி, விலை, உங்கள் விலாசம் இருக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலே கண்டு இடத்தைக் காட்டுங்கள், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. முதலே போய்க் கேட்கிற பெண்ணுக்கு அவர்கள் வழி சொல்லுவார்கள்.

வறுக்கிற அடுப்பு பிள்ளைகள் ஓடித்திரிகிற முற்றத்தில் வேண்டாம். சூடான மணல் எண்ணெயைப் போலவே சுடும். மூத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கடைக்குட்டியைப் பார்க்க ஒருவர் இருக்கிற நேரமாகப் பார்த்து வறுங்கள்.

கேள்வி: வட்ஸ்அப்பில் ஒரு வேலை வந்தது. வீடியோவுக்கு லைக் போட்டால் நாளுக்கு 2,500 ரூபாயாம். முதல் நாள் உண்மையாகவே 300 ரூபாய் வங்கிக்கு வந்தது. இப்போது 10,000 கட்டினால் பெரிய வேலை தருவதாகச் சொல்கிறார்கள்.
(கிளிநொச்சி வாசகி)

பதில்: கட்டாதீர்கள். அந்த 300 ரூபாய் உங்களை நம்பவைக்கப் போட்ட இரை. பத்தாயிரம் கட்டினால் அடுத்து முப்பதாயிரம் கேட்பார்கள், பிறகு உங்கள் காசை எடுக்கவே "வரி" கட்டச் சொல்வார்கள். வேலை தருகிற எவரும் வேலை செய்கிறவரிடம் காசு கேட்கமாட்டார். அடையாள அட்டைப் படத்தையோ வங்கி இரகசிய இலக்கத்தையோ அனுப்பியிருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். "நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கோ" என்று யாராவது வந்தாலும் கவனம். ஆள் சேர்த்துக் காசு பார்க்கிற பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தில் தடைசெய்யப்பட்டவை. சேர்த்துவிடுகிறவரும் குற்றவாளிதான்.

கேள்வி: முட்டைக்கு 20 லேயர் கோழி வளர்த்தால் பிள்ளைகளின் ரியூசன் காசுக்குக் காணுமா?
(மல்லாவி வாசகி)

பதில்: தீன் விலையில் இருக்கிறது மறுமொழி. முட்டையிடுகிற லேயர் ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 110 கிராம் தின்னும். இருபதுக்கு 2 கிலோ 200 கிராம். நாளுக்கு 14 முட்டை கிடைக்கிறது என்று கணக்கு வையுங்கள், அதற்கு மேல் வந்தால் சந்தோசம். ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 160 கிராம் தீன் போகிறது. உங்கள் கடையில் தீன் என்ன விலை, ஊரில் முட்டை என்ன விலை என்று கேட்டு எழுதிக் கழித்துப் பாருங்கள். குஞ்சாக வாங்கினால் முதல் முட்டைக்கு நாலரை, ஐந்து மாதம் காத்திருக்கவேண்டும். அத்தனை நாள் தீனும் உங்கள் கைக்காசுதான்.

கணக்குச் சரிவராவிட்டால் ஊர்க்கோழி ஐந்தாறோடு தொடங்குங்கள். முட்டை குறைவு, ஆனால் சோறும் புல்லும் கறையானும் தின்று வளரும், 21 நாளில் தானே குஞ்சு பொரிக்கும், ஊர்முட்டைக்கு விலையும் கூட. இரவில் கீரியும் மரநாயும் நுழையாத கூடு முக்கியம். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் ராணிக்கெற் என்கிற கோழி நோய்க்குத் தடுப்பூசி போடுகிற நாளைக் கேட்டு வையுங்கள். கணக்கைப் போட்டுவிட்டு இலக்கங்களோடு எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.