மர்ரே ஆற்றங்கரை கேம்பிங்: நாயையும் கூட்டிப் போகலாமா?

வணக்கம். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு லாப்ரடார், ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையில் இரண்டு இரவு. நாயை விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். தேசியப் பூங்கா என்றால் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஸ்டேட் ஃபாரஸ்ட் (மாநில அரசுக் காடு) பக்கம் தேடுங்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலும் அங்கே பொதுவாக நாய்க்குத் தடையில்லை. ஆனால் தேசியப் பூங்காவும் ஸ்டேட் ஃபாரஸ்டும் அடுத்தடுத்து வரும், வரைபடத்தில் எல்லையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

கூடாரம் அடிக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிழல் அருமையாக இருக்கிறதே என்று ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தடிக்குப் போய்விடாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து விழும்.

லாப்ரடார் என்பதால் எனக்குப் பெரிய கவலை அதன் வாய்தான் (கண்டதையும் தின்னும் ஜாதி அல்லவா!). நரிகளுக்காக 1080 என்ற விஷம் தடவிய இறைச்சித் துண்டுகளை வைப்பார்கள். நாய் தின்றால் மாற்று மருந்து கிடையாது. எச்சரிக்கைப் பலகை கண்டால் நான் வேறு இடம் பார்ப்பேன். தங்கியே ஆகவேண்டுமென்றால் கயிறோடு வாய்க்கூடும் போடுங்கள். தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் தெரிந்தால் நாயோ பிள்ளைகளோ இறங்கக்கூடாது. அந்தப் பாசி நாயைக் கொன்றேவிடக்கூடும். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றுக்கு அடியில் இழுப்பும் மூழ்கிய மரங்களும் உண்டு. நெருப்பை மண் போட்டு மூடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றி அணையுங்கள். இரவில் நாயைக் கூடாரத்துக்குள்ளேயே படுக்க வையுங்கள், குரைப்பது பாதி குறையும்.